தேயிலை மலையில் ஆரம்பக் கல்வி: வேன் ஏறும் பிள்ளையும் மலையேறும் பிள்ளையும்

பதுளை, பண்டாரவளை, பசறை, அப்புத்தளை ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய காட்சியைக் காண முடிகிறது. விடியற்காலையில் தோட்டத்துச் சந்தியில் வேன் ஒன்று வந்து நிற்கிறது. கழுத்துப்பட்டி அணிந்த மூன்று நான்கு பிள்ளைகள் அதில் ஏறுகிறார்கள். அதே நேரத்தில் வெள்ளைச் சீருடை அணிந்த மற்றப் பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே செல்லும் குறுக்குப் பாதையால் தோட்டப் பாடசாலைக்கு நடக்கிறார்கள். வேனில் போகிறவர்கள் நகரத்து சர்வதேசப் பாடசாலைக்குப் போகிறார்கள். இரு கூட்டமும் ஒரே லயத்துப் பிள்ளைகள்தான்.

இம்மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் கற்பித்தவர் என்ற வகையில் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “டீச்சர், பிள்ளைய இன்டர்நெஷனல்ல போடலாமா?” இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற முடியாது. ஆனால் பதில் கூறுவதற்குத் தேவையான விடயங்களை ஓரிடத்தில் திரட்டித் தர முடியும். சர்வதேசப் பாடசாலை என்பது சட்டப்படி என்ன, தோட்டப் பாடசாலை எப்படி இன்றைய நிலைக்கு வந்தது, ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளையின் நலன் எவற்றால் ஆனது, பெற்றோர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வடக்குக்கும் மலைக்கும் உள்ள உறவு

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு ஊவா மலைகள் தொலைவானவையாகத் தோன்றலாம். ஆனால் வன்னியின் பல கிராமங்களில் இம்மலைகளின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்முறைகளுக்குப் பின்னர் தோட்டங்களிலிருந்து வெளியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் குடியேறின. காடு வெட்டிக் கழனியாக்கிய அந்தக் குடும்பங்கள் பின்னர் போரின் முழுச் சுமையையும் சுமந்தன. பண்டாரவளை என்றதும் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களுள் 25 பேருக்கும் மேற்பட்டோர் கும்பல் ஒன்றினால் கொல்லப்பட்டனர். எனவே இம்மலைகளில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், அச்சமின்றிக் கற்கிறார்களா என்பது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம். அதில் இந்திய வம்சாவளித் தமிழர் எனப் பதியப்பட்டோர் சுமார் ஒன்றரை இலட்சம் பேர். நுவரெலியாவுக்கு அடுத்தபடியாக மலையகத் தமிழர் செறிந்து வாழும் மாவட்டம் இது. ஆயினும் நுவரெலியாவைப் போன்று இங்கு அவர்கள் பெரும்பான்மையினர் அல்லர். சிறு சிறு தோட்டங்களாகச் சிதறி, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்கிறார்கள். பாடசாலைகளும் அப்படியே சிதறிக் கிடக்கின்றன. மலைக்கு மலை ஒரு சிறிய பாடசாலை, அதில் சில வகுப்புகள் என்பதே பல இடங்களின் நிலை.

‘சர்வதேச’ என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள சட்டம்

இலங்கையில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்தில் இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 வயது பூர்த்தியாகி 14 வயது பூர்த்தியாகாத பிள்ளைகளுக்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை ஆரம்பிப்பதைத் தடுக்கிறது. அப்படியானால் இத்தனை சர்வதேசப் பாடசாலைகள் எப்படி இயங்குகின்றன? 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பின்னர் இவை வணிக நிறுவனங்களாகவே பதிவு செய்யப்பட்டன. இன்று பெரும்பாலானவை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. அதாவது, சட்டத்தின் கண்களில் அது ஒரு கம்பனி. பெற்றோர் வாடிக்கையாளர்.

இதன் விளைவுகளைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஆசிரியர் எத்தகைய பயிற்சி பெற்றிருக்க வேண்டும், வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், கட்டணம் எவ்வளவு உயரலாம், கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பன போன்றவற்றை அரச பாடசாலைக்குச் சுற்றறிக்கை மூலம் கட்டளையிடுவது போல் ஒரு கம்பனிக்குக் கல்வி அமைச்சு கட்டளையிடுவதில்லை. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் அங்கே வழமையாகச் சென்று பார்ப்பதில்லை. நல்ல நிருவாகம் அமைந்தால் பிள்ளைக்கு நல்லது. அமையாவிட்டால் முறையிடுவதற்குரிய வாசல்கள் குறைவு.

‘சர்வதேச’ என்ற சொல்லும் ஒரே பொருளைத் தருவதில்லை. சில பாடசாலைகள் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பாடத்திட்டங்களின்படி கற்பித்து இலண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கின்றன. வேறு சில, உள்ளூர்ப் பாடத்திட்டத்தையே ஆங்கில மொழியில் கற்பிக்கின்றன. உள்ளூர் சாதாரண தரப் பரீட்சைக்கு இப்பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகவே தோற்றுகிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோ அரச பாடசாலைகளிலும் அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலைகளிலும் கற்போருக்கானது. இடைநடுவே கட்டணம் செலுத்த முடியாமற் போய், பிள்ளையை அரச பாடசாலைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால், அங்குள்ள வெற்றிடத்தைப் பொறுத்தே இடம் கிடைக்கும்.

தோட்டப் பாடசாலை வந்த வழி

பெற்றோர் ஏன் தோட்டப் பாடசாலையை விட்டு ஓட நினைக்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள அதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. ஒற்றை மண்டபம், ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்பதே அன்றைய தோட்டப் பள்ளிக்கூடம். பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்து பின்னர் கொழுந்து பறிக்கப் போனால் போதும் என்பதே துரைமாரின் எண்ணம்.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பிள்ளைகள் அந்தக் கதவின் வெளியிலேயே நின்றார்கள். பாடசாலை தோட்டத்தின் சொத்தாகவே தொடர்ந்தது. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. நாட்டின் குடிமகன் அல்லாதவனுடைய பிள்ளைக்கு யார் பாடசாலை கட்டுவார்? 1970களில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஏனைய பிள்ளைகளை விட ஒரு தலைமுறை பிந்தியே மலையகப் பிள்ளை இலவசக் கல்விக்குள் நுழைந்தது. 1980களிலிருந்து சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. கொட்டகலைப் பகுதியில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அக்கால முயற்சியின் பெரும் பயன்.

ஆனால் பிந்தி வந்தவருக்குக் கிடைப்பது மிச்சமே. பத்தாண்டுகளுக்கு முன்னர் பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கென ஏறக்குறைய 3,000 ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டபோது, அவர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவே வழங்கப்பட்டது. பின்னர் அது 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மலையேறிப் போய்க் கற்பிக்கும் ஓர் இளைஞருக்குப் பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்குமே அது போதாது. ஆசிரியரின் வயிறு வாடும் பாடசாலையில் பிள்ளையின் மனம் மலரும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

பெற்றோரின் கணக்கு

எனவே வேனில் பிள்ளையை ஏற்றும் தாயை நான் குறை கூறமாட்டேன். அவருடைய கணக்கு தெளிவானது. தமிழ்மொழிப் பாடசாலையில் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லை. ஆங்கிலம் தெரிந்தால் கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலைக்கு மேலான ஒன்று கிடைக்கும். பிள்ளை மீண்டும் கூடை தூக்கக் கூடாது. இந்த மூன்று வரிகளில் நூற்றைம்பது ஆண்டுக் கசப்பு இருக்கிறது.

ஆனால் பணக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. அந்த 2024ஆம் ஆண்டுச் சம்பளத்தின்படி மாதத்தில் 20 நாள் பெயர் விழுந்தால் 27,000 ரூபா. அதிலும் ஊழியர் சேமலாப நிதி முதலிய கழிவுகள் போகும். உதாரணத்துக்கு, பாடசாலைக் கட்டணமும் வேன் கூலியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் உழைப்பில் ஏறக்குறைய பாதி ஒரு பிள்ளைக்கே போய்விடும். இரண்டாவது பிள்ளைக்கு என்ன செய்வது? அதனால்தான் அண்ணன் வேனிலும் தங்கை நடையிலும் போகும் குடும்பங்களைக் காண்கிறோம். பெரும்பாலும் மகனே வேனில் போகிறான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இந்தச் செலவைத் தாங்குவதற்காகத் தாய் மத்திய கிழக்குக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. அப்போது பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்கிறது. ஆனால் மாலையில் வீடு வந்தால் அம்மா இல்லை. ஒரு பிள்ளையின் நலன் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளையின் நலன் எவற்றால் ஆனது

‘மாணவர் நலன்’ என்பது விளம்பரத் துண்டுகளில் அழகாக அச்சிடப்படும் சொல். வகுப்பறையில் நின்று பார்த்தால் அது மிக எளிய சில விடயங்களே.

முதலாவது, சாப்பாடு. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்திலோ அது சுமார் 32 வீதம். அதாவது மூன்றில் ஒரு பிள்ளை நீண்டகாலப் போசாக்குக் குறைபாட்டுடனேயே முதலாம் வகுப்புக்கு வருகிறது. தாய் காலை ஆறு மணிக்கே பிரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை வெறும் தேத்தண்ணீருடன் வருகிறது. பத்து மணிக்குக் கண் சொருகும் பிள்ளையை மந்தமான பிள்ளை என்று எழுதி விடுகிறோம். அது பசித்த பிள்ளை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது பாடசாலைக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் வீட்டு வாசலில் நான் கேட்ட பதில்களில் முதலிடம் பெற்றது சாப்பாட்டுப் பிரச்சினையே. அரச ஆரம்பப் பிரிவில் உணவுத் திட்டம் உண்டு. அது தடங்கலின்றி நடக்கும் நாட்களில் வரவு கூடுவதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, தூரமும் தூக்கமும். தோட்டப் பாடசாலைப் பிள்ளை மழையிலும் பனியிலும் அட்டைக் கடியுடனும் நடக்கிறது. வேன் பிள்ளையோ அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பப்பட்டு, வளைவுப் பாதையில் வாந்தி எடுத்தபடி போய், மாலை நான்கு மணிக்குப் பின்னரே வீடு திரும்புகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு விளையாட வெளிச்சம் மிஞ்சுவதில்லை.

மூன்றாவது, உடல் ஆரோக்கியம். அரச பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் மருத்துவப் பரிசோதனை நடத்தும் முறை உண்டு. பார்வைக் குறைபாடு, காது கேளாமை, பற்சிதைவு, இரத்தச்சோகை ஆகியன அங்கேயே முதலில் தெரிய வருகின்றன. கரும்பலகை தெரியாத பிள்ளை படிக்க முடியாத பிள்ளையாகக் கணிக்கப்படாமல் இருப்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

நான்காவது மொழி. ஐந்தாவது அச்சமின்மை. இவ்விரண்டையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

தாய்மொழி தவிர்க்கப்படும் வகுப்பறை

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே பரிந்துரைத்தது. காரணம் உணர்ச்சி சார்ந்தது மட்டும் அல்ல. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கி, ஒலியைப் பொருளாக்கும் வேலை. பிள்ளைக்குச் சொல்லின் பொருள் ஏற்கெனவே தெரிந்திருந்தால் எழுத்தை மட்டும் கற்றால் போதும். சொல்லே தெரியாத மொழியில் இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டும். ஒரு மொழியில் நன்றாக வாசிக்கப் பழகிய பிள்ளை அந்தத் திறனை இரண்டாம் மொழிக்கு எடுத்துச் செல்லும். எதிலும் ஊன்றாத பிள்ளை இரண்டிலும் தடுமாறும்.

இரண்டு மூன்று ஆண்டுகள் ஆங்கில வகுப்பில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளை நான் கற்பித்திருக்கிறேன். ஆங்கிலப் பாட்டுகள் தெரியும். எழுத்து அழகாக இருக்கும். ஆனால் “நேற்று என்ன நடந்தது, சொல்லு” என்றால் எந்த மொழியிலும் நான்கு வசனம் தொடர்ந்து வராது. வீட்டில் ஆங்கிலம் பேச எவருமில்லை. பாடசாலையில் தமிழ் பேசினால் தண்டப்பணம். நாளின் பாதியை மௌனமாகக் கழித்த பிள்ளை அது. தன் துன்பத்தைச் சொல்ல மொழியில்லாத பிள்ளைக்கு யார் தீங்கு செய்தாலும் வெளியே தெரியாது. மொழி பாதுகாப்புடனும் தொடர்புடையது என்று நான் கூறுவது இதனாலேயே.

ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல வாதம். 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின்படி அரச பாடசாலைகளில் தரம் 1, 2 இல் செயற்பாட்டு வழி வாய்மொழி ஆங்கிலமும், தரம் 3 முதல் முறையான ஆங்கிலப் பாடமும் உண்டு. திட்டம் நல்லது. அதை நடத்த ஆங்கிலம் பேசக்கூடிய ஆசிரியர் ஒவ்வொரு மலைக்கும் வந்தால் வேன்களில் பாதி தானாகவே நின்றுவிடும்.

பிரம்பும் அவமானமும்

பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, அரசும் ஆசிரியரும் நட்டஈடு வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

இங்கே வேன் ஏறும் பிள்ளைக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. சுற்றறிக்கை அரச பாடசாலை முறைமைக்கானது. அடிப்படை உரிமை வழக்கு, அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகத் தொடுக்கப்படுவது. கம்பனியொன்று நடத்தும் பாடசாலைக்கு எதிராக அந்த வழியில் செல்வது கடினம். ஆனால் தண்டனைச் சட்டக் கோவை எல்லோருக்கும் பொதுவானது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. எந்தப் பாடசாலைப் பிள்ளையாக இருந்தாலும் முறைப்பாடு செய்யலாம். இந்த இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள்.

பிரம்பு மட்டும் தண்டனையல்ல. தோட்டப் பாடசாலையில் “உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு” என்ற சொல் அடிக்கிறது. நகரத்துப் பாடசாலையில் “லயத்துப் பிள்ளை” என்ற ஏளனம் அடிக்கிறது. மாதக் கட்டணம் தாமதமானதால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழு வயதுப் பிள்ளையை எனக்குத் தெரியும். கடன் பெற்றோருடையது. அவமானம் பிள்ளைக்கு வந்து சேர்ந்தது.

மீரியபெத்தை கற்பித்தது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற் போயினர். அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் புறப்பட்டிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களுள் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. அயற் பாடசாலைகள் முகாம்களாகின. குடும்பங்கள் பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் நீண்ட காலம் தங்கவைக்கப்பட்டன. 2016 ஒக்டோபரில்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் ஒரு சிறு பிள்ளையின் வாழ்வில் எத்தனை நீளம் என்று எண்ணிப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகள் சரிந்தன.

இழப்புக்குப் பின் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எது என்பதை முகாம்களில் வாழ்ந்த நம் மக்கள் நன்கு அறிவார்கள். செட்டிகுளம் முகாம்களில் கூடாரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தது. பாடத்தை விட, காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்ததே பிள்ளைகளைத் தாங்கியது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரைக் கண்ட பிள்ளைகளை விளையாட்டாலும் களிமண்ணாலும் கதையாலும் மெல்ல மெல்லப் பேச வைத்தது. தமிழும் முஸ்லிமுமான பிள்ளைகள் அங்கே ஒன்றாக விளையாடினார்கள். நாளாந்த ஒழுங்கு, நம்பக்கூடிய ஒரு பெரியவர், விளையாட ஓர் இடம், பேச ஒரு மொழி ஆகிய நான்கும் இருந்தால் பிள்ளை எழுந்து நிற்கும். வடக்கும் கிழக்கும் கற்ற இந்தப் பாடம் ஊவாவின் பாடசாலைகளுக்கு இன்னும் முறையாக வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவரக்கூடியவர்கள் இக்கட்டுரையைப் படிப்போருள் இருப்பார்கள்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பதானாலும் பின்வருவனவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பிள்ளையை விடுவதற்கு நீங்களும் தயங்கலாம்.

1. தரம் 1 இல் கற்பிப்பவர் ஆரம்பக் கல்விப் பயிற்சி பெற்றவரா? ஆண்டின் நடுவில் ஆசிரியர் எத்தனை முறை மாறினார்?

2. எந்தப் பாடத்திட்டம்? எந்தப் பரீட்சைக்கு வழி? அந்தப் பரீட்சைக் கட்டணத்தைப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின் நம்மால் செலுத்த முடியுமா?

3. தமிழ் ஒரு பாடமாக வாரத்தில் எத்தனை பாடவேளை கற்பிக்கப்படுகிறது? இடைவேளையில் தமிழ் பேசினால் தண்டனை உண்டா?

4. அனுமதிப் பணம், மாதக் கட்டணம், புத்தகம், சீருடை, வேன், விழாக்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு? கட்டணம் தாமதமானால் பிள்ளையை என்ன செய்வார்கள்? இதை எழுத்தில் பெறுங்கள்.

5. மருத்துவப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறாரா? குடிநீரும் பெண் பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடமும் உண்டா?

6. பிள்ளையை அடிப்பதில்லை என்ற எழுத்து மூலமான விதி உண்டா? பிள்ளை யாரிடம் முறையிடலாம்?

7. வேனில் எத்தனை பேர் ஏற்றப்படுகிறார்கள்? பெரியவர் ஒருவர் உடன் வருகிறாரா?

8. மலைச்சரிவு எச்சரிக்கை வந்தால் பாடசாலை என்ன செய்யும்?

இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தோட்டப் பாடசாலை அதிபரிடமும் கேட்க வேண்டும். சர்வதேசப் பாடசாலையில் பணம் கட்டுவதால் கேட்கும் துணிவு வருகிறது. இலவசமாகக் கிடைப்பதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். இலவசக் கல்வி யாரும் இடும் பிச்சையல்ல. கொழுந்துக் கூடையின் நிறை அதில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் அரசுக்கு இரு கடமைகள் உண்டு. ஒன்று, கட்டணம் பெறும் பாடசாலையாயினும் ஆசிரியர் தகைமை, தண்டனை, சுகாதாரம், தாய்மொழி ஆகியவற்றில் குறைந்தபட்ச விதிகளைச் சட்டமாக்கி மேற்பார்வை செய்வது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பக்கமும் கம்பனிச் சட்டம் மறு பக்கமும் இருக்க, நடுவில் பிள்ளை விடப்பட்டிருக்கிறது. மற்றையது, தோட்டப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்கு முழுச் சம்பளம் பெறும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும், ஒவ்வொரு நாளும் சாப்பாட்டையும், பேசத் தெரிந்த ஆங்கில ஆசிரியரையும் உறுதிப்படுத்துவது.

நமக்கும் கடமை உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் ஊவாப் பிள்ளைகளுக்கு உதவ விரும்பினால், ஒரு பிள்ளையின் வேன் கூலியைச் செலுத்துவதோடு நின்றுவிட வேண்டாம். அந்தத் தோட்டத்துப் பாடசாலைக்கு வாசிகசாலை, காலைக் கஞ்சி, மாலை நேர ஆங்கில வகுப்பு என்று எது கொடுத்தாலும் நடந்து போகும் எல்லாப் பிள்ளைகளையும் அது சேரும். பெற்றோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாட்பெயரை இழந்தேனும் போக வேண்டும். அப்படிப் போவதற்கு ஒரு நாளைச் சம்பளத்துடன் விடுவிக்கும்படி தொழிற்சங்கங்கள் தோட்ட நிருவாகங்களிடம் கேட்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒருபோதும் இடம்பெறாத கோரிக்கையாக அது இன்னும் இருக்க வேண்டியதில்லை.